சொக்கிலேற் பெட்டிக்குள் வந்த ட்ரக்ஷன் கொன்ட்ரோல்: மாங்குளத்து எஸ்2000 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன மார்கழியில் மாங்குளத்துத் தம்பி ஒருவர் சுவிஸில் இருக்கும் தன் மாமாவின் காரைக் கொண்டுவந்து என் கராச் வாசலில் நிறுத்தினார். முன் பம்பர் முழுக்கச் செம்மண். பின் இடது சில்லின் ரிம்மில் ஒரு வெடிப்பு. பக்கத்து இருக்கையில் ஒரு சுவிஸ் சொக்கிலேற் பெட்டி. திறந்தால் சொக்கிலேற் இல்லை. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, சுருட்டிக் கட்டிய வயர்கள், டாஷ்போர்டில் பூட்டி அளவைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு ஒன்று.

"மாமா ஆரோ வந்த ஆக்களிட்டைக் குடுத்துவிட்டவர் அண்ணை. ட்ரக்ஷன் கொன்ட்ரோலாம். பூட்டச் சொன்னவர்."

ட்ரக்ஷன் கொன்ட்ரோல் என்றால், இழுக்கிற சில்லு பிடிவிட்டுச் சுழன்றால் இயந்திரத்தின் வலுவைக் குறைக்கிற சாமான். நான் கிளிநொச்சியில் வாகன மின்வேலை செய்பவன். அந்தப் பெட்டியைப் பூட்ட ஒன்றரை நாள் போதும், கூலியும் நல்ல கூலி. பூட்டவில்லை. அதற்குப் பிறகு வேறு இரண்டு பேர் இதே கேள்வியோடு வந்ததால், நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

கார்

2001ஆம் ஆண்டு ஹொண்டா எஸ்2000. கூரை திறக்கிற, இரண்டு பேர் மட்டும் இருக்கிற, பின்சில்லு இழுக்கிற கார். 1999 முதல் 2009 வரை வந்த இந்த வகையில் இது முதல் தலைமுறை, ஏபி1 என்பார்கள். டேர்போ இல்லாத 2 லீற்றர் இயந்திரம், ஜப்பான் கணக்கில் 8,300 சுற்றில் 250 குதிரைவலு, சிவப்புக் கோடு 9,000இல். எடை 1,250 கிலோ அளவில். டேர்போ இல்லாமல் லீற்றருக்கு 125 குதிரை என்பது அந்தக் காலத்தில் பெரிய சாதனை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படியான பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். மாமா அதற்கு முதலே கொழும்பில் வாங்கிவிட்டார், கெட்டிக்காரர்.

இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. ஏறத்தாழ 6,000 சுற்றுக்குக் கீழே இது அடக்கமான ஹொண்டா. அதற்கு மேலே விடெக் (வால்வுகளைக் கூடத் திறக்கவைக்கிற ஹொண்டாவின் ஏற்பாடு) பெரிய காமுக்கு மாறும், சத்தமும் மாறும், இழுவையும் மாறும். முதல் கியரில் அந்த 6,000 வருவது கிட்டத்தட்ட 50 கி.மீ. வேகத்தில், இரண்டாம் கியரில் 75இல். நமது வீதிகளில் காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70தான் எல்லை. ஆகவே சட்டப்படி ஓடுபவருக்கு விடெக் வந்து சேருகிற ஒரே இடம் முதல் கியரின் கடைசிப் பகுதி. இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும்.

ட்ரக்ஷன் கொன்ட்ரோல் இந்தக் காரில் கிடையாது. அக்சிலேற்றர் வெறும் கேபிள், மிதியிலிருந்து நேரே த்ரொட்டிலுக்கு. 2006இல் அமெரிக்காவுக்குப் போன எஸ்2000களில்தான் மின் த்ரொட்டிலும் அதோடு சேர்ந்து வழுக்கல் கட்டுப்பாடும் வந்தன. பழைய காருக்கு அதை எடுத்துப் பூட்டுவது நடக்கிற காரியமில்லை.

இரண்டு சறுக்கல்கள்

காரை ஓடுவது மருமகன்தான். மாமா வருடத்தில் ஒரு மாதம் வருவார், மிச்ச நாளில் பற்றரி இறங்காமல் பார்த்துக்கொள்வது தம்பியின் பொறுப்பு. 24 வயதுப் பொடியனிடம் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் பற்றரி ஒருநாளும் இறங்காது.

முதல் சறுக்கல் மாசியில், காலபோக அறுவடை நேரம், முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. வன்னியில் அந்த மாதங்களில் வீதியின் ஒரு பாதி கமக்காரருடையது. படங்கு போட்டவர் படங்கில், போடாதவர் தாரிலேயே நெல்லைக் காயவிடுவார். தம்பி ஓர் உழவு இயந்திரத்துக்கு வழிவிட்டு அநேகமாக நின்று, பிறகு முதல் கியரில் இழுத்திருக்கிறார். இடப்பக்கச் சில்லுகள் நெல்லின் மேல். பின்பக்கம் உதறி வெளியே போய், அருந்தப்பில் திரும்பி வந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரர் தடியோடு வந்ததைத் தவிரப் பெரிய சேதமில்லை.

இரண்டாவது கார்த்திகையில், ஏ9 வீதியில், கொக்காவில் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கம். மழை. மெல்லிய வளைவு. 70இல் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தபோது வளைவுக்கு அங்கால் வீதியில் மாடு படுத்திருந்தது. அடுத்த கணம் கார் அரைவட்டம் சுற்றி, கிரவல் ஓரத்தில் வவுனியாவைப் பார்த்தபடி நின்றது. ரிம் வெடித்தது அப்போதுதான். மாடு எழும்பக்கூட இல்லையாம்.

இரண்டாவது கதையைக் கேட்டுத்தான் மாமா அங்கே யாரோ எஸ்2000காரர் கழற்றி விற்ற பெட்டியை வாங்கி அனுப்பியிருக்கிறார். வட்ஸ்அப்பில் அவர் சொன்னது இது: "என்ர காருக்கு இஞ்சை எல்லாம் கிடக்கு தம்பி. பனியிலை விட்டாலும் சுத்தாது. அதுக்கும் ஒண்டைப் பூட்டிவிடுங்கோ."

சிக்கல் இந்த வசனத்தில்தான் இருக்கிறது. சுவிஸில் அவரைக் காப்பாற்றுவது ட்ரக்ஷன் கொன்ட்ரோல் இல்லை, ஈஎஸ்பி. 1995இல் மெர்சிடிஸ் எஸ்600இல் வந்த சாமான் அது, ஐரோப்பாவில் 2014 முதல் புதுக்கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம். ஸ்ரியரிங் எந்தப் பக்கம், கார் எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டு, தேவையான ஒற்றைச் சில்லுக்கு மட்டும் தானே பிறேக் போடும். சொக்கிலேற் பெட்டியில் வந்ததுக்கு பிறேக்கோடு சம்பந்தமே இல்லை.

அது செய்வது என்ன

இந்தப் பெட்டி நான்கு சில்லுகளிலும் உள்ள ஏபிஎஸ் (பிறேக் போடும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கிற ஏற்பாடு) சென்சர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். முன்சில்லுகள் இழுப்பதில்லை, அதனால் அவை சொல்வதுதான் காரின் உண்மையான வேகம். பின்சில்லுகள் அதைவிட வேகமாகச் சுற்றினால் சறுக்கல். முன்னே 50, பின்னே 55 என்றால் பத்து வீதம். காய்ந்த தாரில் ரயர் அதிகம் பிடிப்பதே பத்துக்கும் இருபதுக்கும் இடையில் சறுக்கும்போதுதான், ஆகவே பெட்டி சறுக்கலை முழுதாக ஒழிப்பதில்லை. திருகில் வைத்த அளவைத் தாண்டினால் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகச் சில கணம் நிறுத்தும். 6,000 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழு வேலைச் சுற்றுக்கு, அதாவது இயந்திரத்தின் இரண்டு சுற்றுக்கு, 20 மில்லிசெக்கன், அதற்குள் வேலை நடக்கும். மனிதக் கால் அந்த நேரத்தில் யோசிக்கவே தொடங்காது.

பிரித்தானிய ரேஸ்லொஜிக் நிறுவனம் ஒரு காலத்தில் விற்றது இந்த வகைதான். வேறு வழிகளும் உண்டு. ஹால்டெக், லிங்க் போன்ற தனி ஈசியூக்களில் (இயந்திரத்தை ஆளும் கணினிகளில்) இந்த வசதி உள்ளேயே வரும், ஆனால் இயந்திரம் முழுவதையும் மறுபடி டியூன் பண்ண வேண்டும், வன்னியில் அதற்கு வலு அளக்கிற டைனோ எங்கே. சில்லைப் பார்க்காமல் இயந்திரச் சுற்று எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை மட்டும் பார்க்கிற வகையும் இருக்கிறது. அது நேர்கோட்டுப் பந்தயக்காரருக்கு உரியது. சிலர் ஸ்பார்க்கை நிறுத்தி பெற்றோலை ஓடவிடுவார்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் எரிந்து புகையைச் சுத்தமாக்கும் கற்றலிட்டிக்கைப் பதம் பார்க்கும். அந்த வகையில் மாமா வாங்கியது நல்ல ஜாதிப் பெட்டி, அதில் குறை சொல்ல மாட்டேன்.

எது எப்படியோ, எல்லாமே செய்வது ஒன்றுதான்: இயந்திரத்தின் வலுவைக் குறைக்கும். கால் மிதியில் இருக்கிறபோதுதான் குறைப்பதற்கு வலு இருக்கும்.

கேமராவின் சத்தம்

காரில் டாஷ் கேமரா இருந்தது. இரண்டு சம்பவத்தின் வீடியோவையும் தம்பி போனில் வைத்திருந்தார், நண்பர்களுக்குக் காட்டுவதற்காக. நான் படத்தைப் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

ஒட்டுசுட்டான் வீடியோவில் சுற்று ஏறுகிறது, விடெக்கின் குரல் மாறுகிறது, உடனே சத்தம் கட்டறுந்த மாதிரி மேலே பாய்கிறது. பின்சில்லு வெறுமனே சுழன்ற இடம் அது. அதற்குப் பிறகுதான் தம்பியின் "ஐயோ".

கொக்காவில் வீடியோவில் வரிசை தலைகீழ். மூன்றாம் கியரில் நிதானமான உறுமல், நாலாயிரம் சுற்று இருக்கும். திடீரென்று உறுமல் விழுகிறது. காலை எடுத்துவிட்டார். அரைச் செக்கனுக்குப் பிறகுதான் ரயர் கீச்சிடும் சத்தம், அப்புறம் கிரவல். கார் சுற்றத் தொடங்கியபோது அக்சிலேற்றரில் காலே இல்லை.

நாலைந்து தரம் போட்டுக் கேட்டோம். தம்பிக்கு முகம் மாறியது. "அப்ப நான் காலை எடுத்ததாலையா சுத்தினது?" என்றார்.

ஓம். பாரம் முன்னுக்குப் பாய, பின்சில்லுகள் இலேசாக, இயந்திரம் அந்தச் சில்லுகளையே பிடித்து இழுக்க, நனைந்த வளைவில் பின்பக்கம் முன்னே வரப் பார்த்தது. பெட்டி பூட்டியிருந்தால் அந்த அரைச் செக்கனில் அது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வலுவைக் குறைக்கத் தெரிந்த பெட்டிக்குக் கூட்டத் தெரியாது. ஏபி1 காருக்கு இந்தக் குணம் பிறவியிலேயே கொஞ்சம் இருக்கிறது: பின் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது சில்லின் கோணம் மற்றக் கார்களைவிட அதிகம் மாறும். 2004இல் ஹொண்டாவே அதைத் திருத்தியது.

ஆனால் பிறவிக்குணம் மட்டும் 70இல், அவ்வளவு மெல்லிய வளைவில், ஒரு காரைச் சுற்றவைக்காது. காரை மேலே தூக்கினேன்.

தூக்கிப் பார்த்தபோது

பின் ரயர்களில் பூ நிறைய இருந்தது. பார்ப்பவர் புதுசு என்பார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் 3813. 2013ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். பெருவிரல் நகத்தை அழுத்தினேன், அடையாளம் விழவில்லை, செருப்பு அடியைப் போல இறுகிவிட்டது. முன் ரயர்கள் 2021ஐச் சேர்ந்தவை. பின்சில்லு இழுக்கும் காருக்கு முன்னே நல்ல ரயர், பின்னே செத்த ரயர் என்பதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. இரண்டு புது ரயர்தான் வாங்க முடியும் என்றால் அவை பின்னுக்குப் போக வேண்டும்.

அளவும் பிழை. இந்தக் கார் வெளிவந்தபோது முன்னே 205/55 ஆர் 16, பின்னே 225/50 ஆர் 16. கணக்குப் போட்டால் இரண்டின் விட்டமும் 632 மில்லிமீற்றருக்குப் பக்கம், அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஹொண்டா அதைக் குருட்டாம்போக்கில் வைக்கவில்லை. முந்திய சொந்தக்காரர் 17 அங்குல ரிம் போட்டு, முன்னே 215/45, பின்னே 255/40 பூட்டியிருந்தார். இப்போது பின்சில்லு பத்து மில்லிமீற்றர் பெரிது, 1.7 வீதம். பெட்டி எண்ணுவது சுற்றைத்தான், விட்டம் அதற்குத் தெரியாது. பின்சில்லு எப்போதும் 1.7 வீதம் மெதுவாகச் சுற்றுவதாக அது நினைக்கும், அவ்வளவு சறுக்கலைக் காணாமலே விடும்.

இடது பின் ரயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டை. அலைன்மென்ட் போட்டுப் பார்த்ததில், இரண்டு பின்சில்லும் சேர்ந்து 6 மில்லிமீற்றர் உள்நோக்கி இருக்க வேண்டிய இடத்தில், இடது சில்லு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கிரவலில் அடிபட்டதால் வளைந்ததோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் ஒரு நாள் அடிபட்டு உள்விளிம்பு அப்படித் தேயாது, அது பல ஆயிரம் கிலோமீற்றர் வேலை. சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும் றப்பர் புஷ் தேய்ந்திருந்தது.

கடைசியாகக் கண்டதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டியது. சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ் விளக்கு இரண்டு மூன்று செக்கன் எரிந்து அணைய வேண்டும். இந்தக் காரில் அது எரியவே இல்லை. தம்பி அதை நல்ல அறிகுறி என்று நினைத்திருக்கிறார். மீற்றரைக் கழற்றினால், யாரோ பல்ப்பைப் பிடுங்கி எடுத்திருந்தார்கள். வலது பின் சென்சரின் வயர் அச்சுப் பக்கத்தில் அறுந்து, பச்சை பூத்துக் கிடந்தது. ஏபிஎஸ் வேலை செய்யவில்லை, அதைச் சொல்ல விளக்கும் இல்லை. அந்த அறுந்த வயரில்தான் மாமாவின் பெட்டி தன் ஒரு காதை வைக்கவிருந்தது.

ஆலை முற்றத்தில்

தை பிறந்ததும், அறுவடைக்கு முந்தி, தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலை முற்றம் கிடைத்தது. நெல் காயவிடுகிற பெரிய சீமெந்துத் தளம். பவுசரால் தண்ணீர் அடித்து, 20 மீற்றர் ஆரையில் சுண்ணாம்பால் வட்டம் கீறி, அதில் சுற்றி ஓடிக் காலை எடுத்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. தாறுமாறாகச் சுற்றினாலும் அடிபட ஒன்றுமில்லை.

சென்சர் வயரும் பல்ப்பும் போட்டாயிற்று, ரிம் மாற்றியாயிற்று. பழைய ரயர், பழைய கோணத்தோடு முதல் சுற்று: முப்பதைத் தொட முன்னமே, காலை எடுத்ததும் வால் வெளியே வந்தது. இரண்டாம் நாள், புஷ் மாற்றிக் கோணத்தைச் சரிசெய்த பிறகு, அதே ரயரோடு வால் இன்னும் வந்தது, ஆனால் சொல்லிவிட்டு வந்தது, ஸ்ரியரிங்கால் பிடிக்க நேரம் இருந்தது. மூன்றாம் முறை நாலு புது ரயர், முன்னே 215/45, பின்னே 245/40. முப்பத்தைந்தில் காலை எடுத்தபோது கார் மூக்கைக் கொஞ்சம் உள்ளே திருப்பியது, அவ்வளவுதான். பிறேக்கை இறுக்கி மிதித்தால் ஏபிஎஸ் காலுக்குள் படபடவென்று தட்டியது. தம்பி பயந்து காலை எடுத்துவிட்டார், அந்தத் தட்டல் அவருக்குப் புதிது.

அப்புறம் நெல். ஆலைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டை சப்பி நெல் தந்தார். தளத்தைக் காயவிட்டு, இடப்பக்கச் சில்லு போகிற கோட்டில் பரப்பினோம். முதல் கியர், முழு மிதி. புது ரயர், பழைய ரயர் என்ற பேதமில்லாமல் சில்லு சுழன்றது. நெல்லின் மேல் ரயர் நிலத்தைத் தொடுவதே இல்லை, உருளை மேல் நிற்கிறது. இந்தக் காரில் இரண்டு பின்சில்லுக்கும் வலுவைப் பங்கிடும் டோர்சன் டிஃபரென்ஷல் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஒரு பக்கத்துப் பிடியின் சில மடங்கைத்தான் அது மறுபக்கத்துக்குக் கொடுக்கும், பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்.

"அப்ப பெட்டி வேணும்தானே அண்ணை?" என்றார் தம்பி.

அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. ஒட்டுசுட்டானில் பெட்டி இருந்திருந்தால் உதவியிருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாம் கியரில் போட்டு, 2,500 சுற்றில், மிதியைத் தடவுவதுபோல மிதித்து அதே நெல்லின் மேல் போகச் சொன்னேன். ஒரு மணியும் தெறிக்கவில்லை. டேர்போ இல்லாத இந்த இயந்திரத்தின் அதிகபட்ச முறுக்குவிசையே 218 நியூட்டன் மீற்றர்தான், அதுவும் மேலே ஏறிய பிறகு. கீழே இருக்கிறபோது அதனால் சில்லை உதற முடியாது.

மாமாவுக்குச் சொன்னது

அன்றிரவு மாமாவோடு நெடுநேரம் கதைத்தேன். பெட்டி வீண் சாமான் என்று சொல்லவில்லை. இதே காருக்கு டேர்போ போட்டு 400 குதிரை ஆக்கியிருந்தால், மூன்றாம் கியரிலும் சில்லு உதறும், அப்போது முதலில் பூட்டுவதே இதைத்தான். இந்தக் கார் அப்படியில்லை. எல்லையை மீறாமல் ஓடும்வரை, பெட்டிக்கு வேலை வருவது முதல் கியரின் கடைசிப் பகுதியில், அதுவும் நெல்லிலோ மணலிலோ.

அந்தக் கொஞ்ச வேலைக்காக, இருபது வருடத்துக்கு மேல் பழைய ஏபிஎஸ் வயர்களில் நாலு இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். பழைய காந்தச் சுருள் சென்சரின் சிக்னல் மெலிந்தது, ஒட்டு சரியில்லை என்றால் இப்போதுதான் உயிர்வந்த ஏபிஎஸ்ஸே குழம்பும். இன்ஜெக்டர் வயரிலும் கைவைக்க வேண்டும், ஒரு இணைப்பு தளர்ந்தால் கார் நட்டநடு ஏ9இல் இருமிக்கொண்டு நிற்கும். மாரியில் வீட்டு ஒழுங்கையின் கிரவல் சேறாகும்போது சில்லு கொஞ்சம் சுழன்றால்தான் கார் ஏறும், பெட்டி அதை விடாது, நிறுத்துகிற சுவிட்சும் வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. பெட்டி பூட்டினால் தம்பி மழையில் கூடத் துணிந்து ஓடுவார். அவரைச் சுற்றவைத்தது எதுவோ அதற்கு இந்தப் பெட்டி மருந்தே இல்லை, ஆனால் மருந்து குடித்துவிட்டேன் என்ற நினைப்பு வந்துவிடும்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப என்ர காசு?"

பெட்டிக்குக் கொடுத்த காசைவிட நாலு ரயர் கூடத்தான் என்றேன். ரயர்க்காசை அடுத்த கிழமை அனுப்பினார்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது மாமாவே காரை எடுத்துக்கொண்டு வந்தார். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிய கச்சான் சரை ஒன்றை என் மேசையில் வைத்தார். பின் ரயர்களைத் தடவிப் பார்த்தேன், உள்விளிம்பு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடத் தேய்கிறது, 6 மில்லிமீற்றர் உள்நோக்கு வைத்தால் அப்படித்தான். அடுத்த மாரிக்கு முதல் ஒருதரம் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கறுப்புப் பெட்டி இன்னும் சொக்கிலேற் பெட்டிக்குள், என் ராக்கையில், றிலேக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விற்பதா என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார்.